விடுதிக் கட்டிலில் வைக்கும் கையெழுத்து: பஸ் விபத்தில் காயப்பட்டவர் நட்டஈடு பெறுவது எப்படி?

பஸ் விபத்தில் காயப்பட்டவர்கள், அவர்களுடைய குடும்பத்தினர், இத்தகைய வழக்குகளைப் பேசும் சட்டத்தரணிகள் எனச் சிலரைக் கடந்த மாதங்களில் வடமராட்சி, தென்மராட்சி, வலிகாமம் பகுதிகளில் சந்தித்துப் பேசினேன். திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கதைதான். அவர்களில் பெரும்பாலானோர் நீதிமன்ற வாசலுக்கே போகவில்லை. அதற்கு முன்னரே, விபத்து நடந்த முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள், பதியப்படாத ஒரு முறைப்பாட்டினாலோ வாசிக்காமல் வைத்த ஒரு கையெழுத்தினாலோ அவர்களுடைய நட்டஈடு கைவிட்டுப் போயிருந்தது.

அவர்களில் ஒருவர் ஐம்பது வயதைத் தாண்டிய தாய். கணவரை 2009இல் இழந்தவர். தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தவர். மினிபஸ்ஸிலிருந்து இறங்கும்போது, ஒரு கால் நிலத்தில் படுவதற்குள் நடத்துநர் "ரைட்" சொல்லிவிட்டார். விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. மூன்றாம் நாள் விடுதிக்கு இரண்டு பேர் வந்தார்கள்.

"கேஸ் எண்டு போனா வருசக்கணக்கா இழுபடும் அம்மா, செலவுக்கு இதை வைச்சிருங்கோ எண்டு சொல்லிச்சினம். நல்ல மாதிரித்தான் கதைச்சவை, பிள்ளை. நானும் கையெழுத்தை வைச்சுக் குடுத்திட்டன்."

கையில் கிடைத்தது 20,000 ரூபா. தாளில் எழுதியிருந்தது, இதுவே முழுமையான தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று. இரண்டாவது சத்திரசிகிச்சை தேவைப்படும் என்று வைத்தியர் சொன்னது அதன் பிறகுதான்.

ஏன் இப்படி நடக்கிறது என்பது எங்கள் சனத்துக்குத் தெரியாததல்ல. வாக்குமூலம் என்ற சொல்லே இங்கு பயத்தோடு வந்து சேர்ந்த சொல். பொலிஸ் நிலையத்துக்குப் போகாமல் இருப்பது ஒரு காலத்தில் உயிர் காத்த பழக்கம். இழப்பீடு என்ற சொல்லும் அப்படித்தான். படிவம் நிரப்பி, பதிவு செய்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து களைத்த சொல். ஆனால் வீதி விபத்தில் அந்தப் பழக்கம் பஸ்ஸின் உரிமையாளருக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும்தான் இலாபம்.

நிவாரணம் வேறு, நட்டஈடு வேறு

2025 மே மாதம் கொத்மலை, கெரண்டிஎல்லவில் இ.போ.ச பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20 பேருக்கு மேல் உயிரிழந்தபோது அரசாங்கம் குடும்பங்களுக்கு உதவித்தொகை அறிவித்தது. அது நிவாரணம். கொடுப்பவர் தீர்மானிக்கும் தொகை. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இழப்பீடுகளுக்கான அலுவலகம் போரினாலும் மோதல்களாலும் பாதிக்கப்பட்டோருக்கானது. வீதி விபத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நட்டஈடு என்பது தவறு செய்தவரிடமிருந்து உங்களுக்கு வரவேண்டிய கடன். இலங்கையில் இதற்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். சாரதியோ நடத்துநரோ கவனயீனமாக நடந்து உங்களுக்குக் காயம் ஏற்பட்டால், அவர்களை வேலைக்கு வைத்த உரிமையாளரும் பொறுப்பாளி. நீங்கள் பஸ்ஸுக்குள் இருந்தாலும், வீதியில் நின்றாலும், சைக்கிளில் போனாலும் இதுதான் நிலை.

"நான் மிதிபலகையில் நின்றேன், பிழை என்னிலும்தான்" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, உங்கள் பக்கத்திலும் கவனயீனம் இருந்தால் அந்த அளவுக்கு நட்டஈடு குறையும். கோரிக்கை முற்றாக அற்றுப்போகாது.

முதல் நாள்: முறைப்பாடு

அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ், பொலிஸுக்கு 119. விபத்து நடந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிவாக வேண்டும். காயப்பட்டவர் போக முடியாவிட்டால் உறவினர் போகலாம். பெரிய வைத்தியசாலைகளில் உள்ள பொலிஸ் காவலரணிலும் தகவல் கொடுக்கலாம். "பஸ்காரர் சொல்லியிருப்பினம்" என்று விட்டுவிடாதீர்கள். அவர்கள் சொன்னது அவர்களுடைய கதை.

வடக்கில் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் இதைச் சொல்கிறது. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் சொல்லுங்கள். எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் உள்ள விதி. வேறு மொழியில் எழுதியிருந்தால், என்ன எழுதியிருக்கிறது என்று விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டணம் செலுத்தி அதன் பிரதியைப் பெறலாம்.

குறிக்க வேண்டியவை சில: வாகன இலக்கம், வழித்தட இலக்கம், நேரம், இடம். அந்த இடத்தில் நின்ற இரண்டு பேரின் பெயரும் தொலைபேசி இலக்கமும். மினிபஸ்ஸில் ரிக்கெற் தராதது வழமையாகிவிட்டதால், நீங்கள் அந்த பஸ்ஸில் பயணம் செய்தீர்கள் என்பதற்குக் கூட வந்தவரின் சாட்சியே பெரும்பாலும் மிஞ்சும். வாகனங்களை அகற்றுவதற்கு முன் கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு படம் பின்னால் பல பக்க வாதத்தை மிச்சப்படுத்தும்.

வைத்தியசாலையில் கேட்க வேண்டியது

வழக்கின் முதுகெலும்பு சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை. பொலிஸார் அதற்குரிய படிவத்தை வழங்க வேண்டும். சட்ட வைத்திய அதிகாரி உங்களைப் பரிசோதித்து காயங்களைப் பதிவார். எலும்பு முறிவு தண்டனைச் சட்டக்கோவையின்படி பாரதூரமான காயம். இந்தப் பரிசோதனை நடக்காமல் வீட்டுக்குப் போய்விட்டால், ஆறிய காயத்தை வைத்துப் பின்னர் நிரூபிப்பது கடினம். விடுதி வைத்தியரிடமோ தாதியிடமோ "சட்ட வைத்திய அதிகாரி என்னைப் பார்த்துவிட்டாரா?" என்று நேரே கேளுங்கள்.

வீட்டுக்கு விடும்போது தரும் அட்டை, கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, ஸ்கான் அறிக்கைகள், மருந்து வாங்கிய பில், வைத்தியசாலைக்குப் போன ஓட்டோச் செலவு எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். இடம்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்த குடும்பங்களுக்கு ஆவணத்தின் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை. பெயர் விடயத்தில் மட்டும் ஒரு கவனம்: அடையாள அட்டையில் ஒரு எழுத்து, வைத்தியசாலை அட்டையில் இன்னொரு எழுத்து என்றிருந்தால் உடனேயே திருத்தக் கேளுங்கள்.

பஸ் யாருடையது?

இ.போ.ச பஸ் என்றால் கோண்டாவில், பருத்தித்துறை, காரைநகர் போன்ற சாலைகளில் ஒன்றுக்கு உரியதாக இருக்கும். ஆனால் வழக்கு சாலை முகாமையாளருக்கு எதிரானதல்ல. 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை போக்குவரத்துச் சபைக்கு எதிரானது. அது தன் பெயரில் வழக்குத் தொடரவும் தொடரப்படவும் கூடிய சபை.

மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி வழங்குவது வடக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை. கொழும்புக்கு ஓடும் பஸ்களுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. அதன் முறைப்பாட்டு இலக்கம் 1955. பஸ் ஒருவர் பெயரில் பதிவாகி, லீசிங் நிறுவனம் இன்னொரு உரிமையாளராக இருந்து, ஓட்டுபவர் மூன்றாமவராக இருப்பது சாதாரணம். அனுமதிப்பத்திரம் யாருடையது என்ற விபரத்தை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

அந்தத் தாள்

விடுதிக்கு வருபவர்கள் எல்லோரும் ஏமாற்ற வருபவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மினிபஸ் உரிமையாளர்களில் பலர் கடனில் பஸ் ஓட்டுபவர்கள். மருந்துச் செலவுக்குத் தரும் பணத்தை மறுக்கவும் தேவையில்லை. வாங்குங்கள், "மருத்துவச் செலவுக்காக இன்ன தொகை பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். "முழுத் தீர்வாக", "இனி கோரமாட்டேன்", "வழக்கு வேண்டாம்" என்ற சொற்கள் உள்ள தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். வெற்றுத் தாளில் ஒருபோதும் வேண்டாம்.

சட்டத்தின் பார்வையில் அந்தத் தாள் ஓர் ஒப்பந்தம். ஏமாற்றியோ, விளங்காத மொழியிலோ, சுயநினைவு சரியில்லாத நிலையிலோ வாங்கினார்கள் என்று காட்டினால் அதை எதிர்க்கலாம். ஆனால் அது நட்டஈட்டு வழக்குக்கு முன்னால் இன்னொரு வழக்கு. மேலே சொன்ன தாயின் சட்டத்தரணி இப்போது அந்த வாதத்தைத்தான் தயார்செய்து கொண்டிருக்கிறார்.

இரண்டு வழக்கு, ஒரே கடிகாரம்

அதிகம் பேர் தவறவிடும் இடம் இது. விபத்துக்குப் பிறகு பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்கு எதிராக வழக்குத் தாக்கல் செய்கிறார்கள். நாங்கள் அதையே எங்கள் வழக்கு என்று நினைத்துத் தவணைக்குத் தவணை போய் வருகிறோம். அது அரசுக்கும் சாரதிக்கும் இடையிலான குற்ற வழக்கு. நீங்கள் அதில் சாட்சி. தீர்ப்பின்போது பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு செலுத்துமாறு உத்தரவிட, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. எனவே உங்கள் சார்பில் ஒரு சட்டத்தரணி அங்கு தோன்றி காயத்தின் தன்மையை எடுத்துச் சொல்வது பயன் தரும். ஆனால் வாழ்நாள் இழப்பை ஈடுசெய்யும் தொகையை அங்கே எதிர்பார்க்க முடியாது.

உரிய நட்டஈட்டுக்கான இடம் மாவட்ட நீதிமன்றம். அது நீங்கள் தொடர வேண்டிய குடியியல் வழக்கு. கோரும் தொகை குறைவானதாக இருந்தால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படாவிட்டால் அதற்கான சான்றிதழுடன் வரவேண்டியிருக்கும்.

காலம் முக்கியம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, காயத்துக்கான நட்டஈட்டு வழக்கு 2 வருடங்களுக்குள் தொடரப்பட வேண்டும். நீதவான் நீதிமன்ற வழக்கு முடியவில்லை என்பதற்காக இந்தக் கடிகாரம் நிற்காது. "அந்தக் கேஸ் முடியட்டும்" என்று காத்திருந்து மூன்றாம் வருடம் சட்டத்தரணியிடம் வருபவர்களுக்குச் சொல்ல எதுவும் இருப்பதில்லை.

சாரதி விடுதலையானால் எல்லாம் முடிந்தது என்பதும் சரியல்ல. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். குடியியல் வழக்கில் எது அதிகம் நிகழ்ந்திருக்கக்கூடியது என்பதே அளவுகோல். சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டால் அந்த வழக்குப் பதிவின் சான்றுப்படுத்திய பிரதியை எடுத்து வையுங்கள்.

காப்புறுதியிலும் ஒரு காலக்கெடு உண்டு. மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வாகனத்தை வீதியில் செலுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராக நீங்கள் பெறும் தீர்ப்புப் பணத்தைக் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து பெறவேண்டுமானால், வழக்குத் தொடர முன்னரோ தொடர்ந்து 7 நாட்களுக்குள்ளோ அந்த நிறுவனத்துக்கு வழக்குப் பற்றிய அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். இது தவறினால் வென்ற தீர்ப்பு வெறும் தாளாகிவிடக்கூடும். பஸ்ஸின் காப்புறுதி பயணிகளையும் உள்ளடக்குகிறதா என்பதையும் சட்டத்தரணியிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

சம்பளத் துண்டு இல்லாதவர் உழைப்பை எப்படிக் காட்டுவது?

நட்டஈட்டில் அடங்குபவை: செய்த மருத்துவச் செலவு, இனிச் செய்ய வேண்டிய செலவு, இழந்த உழைப்பு, இனி இழக்கப்போகும் உழைப்பு, வலி, உருக்குலைவு, முன்போல வாழ முடியாமை. இதில் உழைப்பை நிரூபிப்பதே சிரமம். தையல், கோழி வளர்ப்பு, தோட்டக் கூலி, கடற்றொழில் செய்பவர்களிடம் சம்பளத் துண்டு கிடையாது. கூட்டுறவுச் சங்க அல்லது கடற்றொழிலாளர் சங்கப் பதிவு, வங்கிப் புத்தகம், நுண்கடன் கட்டிய அட்டை, வழமையாகப் பொருள் வாங்குபவரின் சாட்சியம், கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து உழைப்பைக் காட்டலாம். கடன் அட்டையில் மாதாமாதம் கட்டிய தொகை, உழைப்பு இருந்தது என்பதற்கு ஒரு சான்று.

போரில் ஏற்கனவே காயப்பட்டவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். உடலில் ஷெல் துண்டுடன், செயற்கைக் காலுடன் வாழ்ந்த ஒருவர் பஸ் விபத்தில் சிக்கினால், "அவருக்கு முன்னமே கால் சரியில்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். தவறு செய்தவர், காயப்பட்டவரை அவர் இருந்த நிலையிலேயே ஏற்க வேண்டும் என்பது சட்டத்தின் நிலைப்பாடு. பழைய காயத்தால் புதிய பாதிப்பு கூடியிருந்தால் அந்தக் கூடுதலும் தவறு செய்தவரின் கணக்கில்தான். ஆனால் விபத்துக்கு முன் நீங்கள் எப்படி நடந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள் என்பதைக் காட்ட வேண்டும். பழைய கிளினிக் பதிவு, யாழ் ஜெய்ப்பூர் நிறுவனம் போன்ற இடங்களில் செயற்கைக் கால் பெற்ற பதிவு ஆகியவை இங்கே உதவும். பழைய காயத்தை மறைத்தால் அது பின்னர் வெளிவந்து முழு வழக்கையும் பலவீனமாக்கும்.

காயப்பட்டவர் பிள்ளை என்றால் வளர்ந்த ஒருவர் பிள்ளைக்காக வழக்கை நடத்த வேண்டும். பெற்றோர் இறந்தோ காணாமலாக்கப்பட்டோ போய், அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகள் இங்கு பலர். அம்மம்மா நீதிமன்ற அனுமதியுடன் பிள்ளையின் சார்பில் நிற்கலாம். பிறப்புச் சான்றிதழும், பெற்றோரின் இறப்புச் சான்றிதழோ காணப்படாமைச் சான்றிதழோ தேவைப்படும்.

விபத்தில் ஒருவர் இறந்திருந்தால், அவர் உழைப்பில் தங்கியிருந்த குடும்பத்தினர் கோரலாம். அன்பும் பராமரிப்பும் இழந்ததற்காகவும் கோர 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்துள்ளது.

ஏ9 வீதியில் வெளி மாவட்டத்தில் விபத்து நடந்தால்

2022 நவம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு சென்ற சொகுசு பஸ் வவுனியா, நொச்சிமோட்டையில் விபத்துக்குள்ளாகி மூவர் உயிரிழந்தனர். இரவு பஸ்களில் போகும் எங்கள் ஆட்கள் அநுராதபுரத்திலும் புத்தளத்திலும் காயப்படுகிறார்கள். முறைப்பாடு விபத்து நடந்த இடத்துப் பொலிஸில்தான். குற்ற வழக்கும் அங்கேதான். ஆனால் குடியியல் வழக்கை விபத்து நடந்த இடத்திலோ எதிராளி வசிக்கும் இடத்திலோ தொடரலாம். பஸ் உரிமையாளர் குடாநாட்டில் வசிப்பவராயின் இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில், தமிழில், வழக்கை நடத்தும் வழி உண்டு. சட்டத்தரணியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளில் இது ஒன்று.

மோதியது இராணுவ வாகனமோ வேறு அரச வாகனமோ என்றால் "அவங்களோட எப்படி வழக்குப் பேசுறது" என்று விடுகிறார்கள். 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி அரசும் தன் ஊழியரின் தவறுக்குப் பொறுப்பாளி. சட்டமா அதிபரை எதிராளியாக்குவதற்கு ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மாதத்தையும் 2 வருடத்துக்குள் கணக்கிடுங்கள்.

மோதிய வாகனம் நிற்காமல் போய், எதுவென்றே தெரியாவிட்டால், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் விண்ணப்பிக்கலாம். மூன்றாம் தரப்புக் காப்புறுதிக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு நடத்தப்படும் நிதி அது. அதற்கும் பொலிஸ் அறிக்கையும் மருத்துவ ஆவணமும் வேண்டும்.

பணமில்லாமல் சட்டத்தரணியா?

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் நிலையம் உண்டு. ஆலோசனை கேட்கப் பணம் தேவையில்லை. வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்கையும் நடத்துகிறார்கள். அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் வருமானக் கடிதம், மேலே சொன்ன ஆவண உறை ஆகியவற்றுடன் போங்கள். பொலிஸார் முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ் பிராந்திய அலுவலகத்தில், அல்லது 1996 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

தனியார் சட்டத்தரணி என்றால் கட்டணத்தை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். எந்த நீதிமன்றம், என்ன வழக்கு இலக்கம், எந்தத் திகதியில் தாக்கல் ஆனது என்ற மூன்றையும் உங்கள் கொப்பியில் எழுதி வையுங்கள். விடுதியில் வந்து "நான் ஆள் பிடிச்சுத் தாறன்" என்று சொல்லும் தரகரிடம் ஆவணங்களின் மூலப்பிரதிகளைக் கொடுக்க வேண்டாம்.

வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும். அதற்கிடையில் சீவிக்க வேண்டும். நிரந்தர வலுவிழப்பு ஏற்பட்டிருந்தால் மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்கும், சிகிச்சைக்கு ஜனாதிபதி நிதியத்தின் உதவிக்கும் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். இவற்றுக்கு விண்ணப்பிப்பது உங்கள் நட்டஈட்டு வழக்கைக் கைவிடுவதாகாது.

கணக்கு வைக்க வேண்டிய நாட்கள்

முதல் நாள்: முறைப்பாடு, வாகன இலக்கம், சாட்சிகளின் தொலைபேசி இலக்கம்.
வீட்டுக்கு விடுவதற்கு முன்: சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை, பெயர்த் திருத்தம்.
முதல் மாதம்: முறைப்பாட்டுப் பிரதி, சட்ட உதவி நிலையத்தில் ஆலோசனை.
ஆறு மாதத்துக்குள்: உரிமையாளர், காப்புறுதி நிறுவனம் யார் என்ற விபரம், உழைப்புக்கான சான்றுகள்.
2 வருடம் முடிவதற்கு முன்: மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு, காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல்.

ஒவ்வொருவருடைய விபத்தும் வேறு. இங்கே எழுதியது பொதுவான வழி மட்டுமே. இதை வாசிக்கும் உங்கள் வீட்டில் யாராவது கடந்த 2 வருடத்துக்குள் விபத்தில் காயப்பட்டு, எல்லாம் முடிந்தது என்று விட்டிருந்தால், வைத்தியசாலை அட்டையை எடுத்து விபத்து நடந்த திகதியைப் பாருங்கள். நாள் இன்னும் மிச்சம் இருக்கலாம்.